நடுவில் கிடக்கும் ஊர்: குளுவாங்கும் சிங்கப்பூர் எரிவாயுக் குழாயும்

திரங்கானு கடலடியில் எடுக்கப்படும் இயற்கை எரிவாயு கெர்த்தேயில் கரையேறுகிறது. அங்கே சுத்திகரிக்கப்பட்டு, கெமாமான் வழியாகப் பகாங்கைக் கடந்து சிகாமட்டுக்கு வருகிறது. சிகாமட்டில் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மேற்குக் கரையில் கிள்ளானை அடுத்த காப்பாருக்குப் போகிறது. மற்றது ஜொகூரின் நடுப்பகுதியில், குளுவாங் வட்டாரத்துச் செம்பனை, ரப்பர் நிலங்களின் ஊடாகத் தெற்கே இறங்கி, பிளெந்தோங், பாசிர் கூடாங் பகுதியை அடைகிறது. அங்கிருந்து ஜொகூர் நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூர். 1992 முதல் இந்த வழியில் எரிவாயு அண்டை நாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

தீபகற்ப எரிவாயுப் பயன்பாட்டுத் திட்டம் என்பது இதன் பெயர். முதற்கட்டம் 1984-இல் திரங்கானுவுக்குள்ளேயே முடிந்தது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்தது 1990-களின் தொடக்கத்தில் முடிந்த இரண்டாம் கட்டம். மூன்றாம் கட்டம் 1998-இல் பெர்லிஸ் வரை வடக்கே போனது. இன்று இந்தக் குழாய் வலையின் மொத்த நீளம் 2,500 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு பெரிய கட்டமைப்பு தரைக்கு மேலே காட்டும் அடையாளம் மிகச் சிறியது. மரம் நடப்படாத ஒரு புல்வெளிப் பட்டை, ஆங்காங்கே எச்சரிக்கைக் கம்பங்கள், எப்போதாவது வேலியிட்ட ஒரு வால்வு நிலையம், அவ்வளவுதான்.

எல்லை தாண்டும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களைப் பற்றிய விவாதம் உலகெங்கும் ஒரே பாணியில் நடக்கிறது. ஒரு தரப்பு வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி, மலிவான எரிபொருள் என்று அடுக்கும். மறுதரப்பு கசிவு, வெடிப்பு, நிலப்பறிப்பு என்று அடுக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, எது கனம் என்று பார்ப்பார்கள். குளுவாங்கிலிருந்து பார்த்தால் அந்தத் தராசிலேயே கோளாறு இருப்பது தெரியும். நன்மை குழாயின் இரு முனைகளில் சேர்கிறது. ஆபத்து அதன் நீளம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. இரண்டையும் அனுபவிப்போர் ஒரே ஆட்களாக இல்லாதபோது, கூட்டிக் கழித்து “மொத்தத்தில் லாபம்” என்று சொல்வது கணக்கில் சரியாக இருக்கலாம், நீதியில் சரியாகிவிடாது.

முதலில் நன்மையை நேர்மையாகப் பார்த்துவிடலாம், அது சிறியதல்ல. தொடக்க ஒப்பந்தப்படி சிங்கப்பூருக்கு விற்கப்பட்டது நாளொன்றுக்கு 15 கோடி கன அடி எரிவாயு. செனோக்கோ மின் நிலையத்துக்காக அது வாங்கப்பட்டது. இன்றைய நல்ல மின் நிலையம் ஒன்றில் இதை எரித்தால் இரவு பகலாக ஏறத்தாழ 900 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். அதே எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி லாரியில் ஏற்றினால் நாளுக்குச் சுமார் 3,000 டன் தேறும். அதாவது 150-க்கும் மேற்பட்ட பெரிய லாரிகள் ஒவ்வொரு நாளும் சாலையில் ஓட வேண்டும். எரிபொருள் எடுத்துச் செல்லும் வழிகளில் குழாயே விபத்து குறைந்தது என்று பொறியாளர்கள் சொல்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். எரிநெய் எரித்து மின்சாரம் செய்துவந்த சிங்கப்பூர் எரிவாயுவுக்கு மாறியதில் நீரிணையின் இரு பக்கத்துக் காற்றுக்கும் நன்மை உண்டு. பாசிர் கூடாங்கின் தொழிற்சாலைகளும் மின் நிலையங்களும் இதே குழாய் வலையால் வாழ்பவைதாம்.

பணம் எங்கே போகிறது? 1974-ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நாட்டின் எண்ணெய், எரிவாயு உரிமை முழுவதையும் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸிடம் ஒப்படைத்தது. உற்பத்தி நடக்கும் மாநிலத்துக்கு 5 விழுக்காடு ரொக்கம் என்பது ஏற்பாடு. அந்த 5 விழுக்காட்டுக்கே திரங்கானு படாத பாடு பட்டது. 1999 தேர்தலில் மாநில ஆட்சி மாறியதும் கூட்டரசு அந்தப் பணத்தை நேரடியாகத் தருவதை 2000-இல் நிறுத்தியது தனிக்கதை. குழாய் கடந்து செல்லும் மாநிலத்துக்கோ அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பங்கே இல்லை. குழாய் வேறொரு நாட்டின் வழியே போயிருந்தால் கடவுக் கட்டணம் என்று ஒன்று இருந்திருக்கும். அஸர்பைஜானின் பாக்குவிலிருந்து துருக்கியின் செய்ஹான் துறைமுகத்துக்கு 1,768 கிலோமீட்டர் நீளும் எண்ணெய்க் குழாய் தன் மண்ணில் கிடப்பதற்காக ஜார்ஜியா கட்டணம் வாங்குகிறது. ஜொகூர் தனி நாடு அல்ல. ஆகவே அதன் நடுப்பகுதி கட்டணமில்லாத கடவுப்பாதை.

தண்ணீர்க் குழாய் தந்த பாடம்

ஜொகூர்காரர்களுக்கு எல்லை தாண்டும் குழாய் புதிதல்ல. எரிவாயுவுக்கு வெகு காலம் முன்பே தண்ணீர் போனது. 1927-இல் ஜொகூர் சுல்தானும் சிங்கப்பூர் நகராட்சியும் செய்துகொண்ட உடன்படிக்கையால் கூனோங் பூலாயிலிருந்து நீர் பாயத் தொடங்கியது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது அந்தத் தண்ணீர்க் குழாயும் சேர்ந்தே அறுந்தது. பதினைந்து நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது. தண்ணீர் ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் எதிர்முனையில் இருப்பவனின் பலவீனம் குழாயில் இருக்கிறது என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது.

அடுத்து வந்தவை 1961, 1962 ஒப்பந்தங்கள். முதலாவது 2011-இல் முடிந்துவிட்டது. இரண்டாவது 2061 வரை நீடிக்கும். ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலன் 50 காசுக்குத் திரும்ப வாங்குகிறது. 25 ஆண்டுக்குப் பின் விலையைத் திருத்தலாம் என்று விதி இருந்தது. 1987-இல் மலேசியா அதைப் பயன்படுத்தவில்லை. இனி அந்த உரிமை இல்லை என்கிறது சிங்கப்பூர். இருக்கிறது என்கிறது மலேசியா. சுத்திகரிப்புக்கு ஆகும் செலவைப் பார்த்தால் 50 காசு தங்களுக்கு நட்டம் என்று சிங்கப்பூர் சொல்வதிலும் நியாயம் உண்டு. யார் பக்கம் சரி என்பது இங்கே தேவையில்லை. ஒரு காலத்து விலையை நூறாண்டுக்குக் குழாயோடு சேர்த்துப் புதைத்துவிட்டால், இரு நாடும் ஒவ்வொரு தேர்தலிலும் அதைத் தோண்டி எடுக்கும்.

எரிவாயு ஒப்பந்தங்கள் இந்த வகையில் அறிவோடு எழுதப்பட்டவை. சிங்கப்பூருக்கு வரும் குழாய் எரிவாயுவின் விலை பெரும்பாலும் எரிநெய் விலையோடு இணைக்கப்பட்டது. சந்தை ஏறினால் இதுவும் ஏறும். காலமும் நூறாண்டல்ல, இருபதாண்டு அளவில்தான். எல்லை தாண்டும் குழாய் ஒன்றில் நன்மை நிலைத்திருக்க வேண்டுமானால் எஃகின் தரத்தைவிட இந்த விலைத் திருத்த விதி முக்கியம் என்பது என் கருத்து.

சார்ந்திருப்பதன் ஆபத்து இரு பக்கமும் வெட்டும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு எரிவாயுவில் ஆனது. மலேசியக் குழாயை அடுத்து, 2001-இல் இந்தோனேசியாவின் மேற்கு நாத்துனாவிலிருந்தும் 2003-இல் தெற்குச் சுமத்ராவிலிருந்தும் குழாய்கள் வந்தன. 2004 ஜூன் 29 அன்று நாத்துனா வரத்து தடைபட்டதும் தீவில் பல்லாயிரம் வீடுகள் இருண்டன. அதன் பிறகுதான் கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்க முனையம் கட்டும் முடிவு எடுக்கப்பட்டது. 2013-இல் ஜூரோங் தீவில் அது இயங்கத் தொடங்கியது. வாங்குபவன் தப்பிக்க வழி தேடிக்கொண்டான்.

விற்பவனின் நிலை இன்னும் வேடிக்கையானது. அதே 2013-இல் மலாக்காவின் சுங்கை ஊடாங்கில் மலேசியாவும் ஓர் இறக்குமதி முனையத்தைத் திறந்தது. 2017-இல் ஜொகூரின் பெங்கெராங்கில் இரண்டாவது. தீபகற்பத்தின் சொந்த எரிவாயு போதாமல் கப்பலில் வாங்கி, அதே குழாய் வலைக்குள் ஏற்றுகிறோம். வலையின் தென்முனையில் எல்லை தாண்டி விற்கவும் செய்கிறோம். சரவாக்கிலிருந்து உலகுக்கே திரவ எரிவாயு ஏற்றுமதி செய்யும் நாட்டின் தீபகற்பம் இது. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தில் எவரும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் குழாய் போட்டாகிவிட்டது. விற்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது. இப்போது ஜொகூரில் தரவு மையங்கள் பெருகி மின்சாரத் தேவை எகிறும்போது, தெற்கே போகும் ஒவ்வொரு கன அடியும் கேள்விக்குள்ளாகும்.

வெளியுலகில் இதைவிடக் கொடிய உதாரணங்கள் உண்டு. 2011-இல் பிரிந்த தெற்கு சூடான் தன் எண்ணெயை வடக்குச் சூடானின் குழாய் வழியாகத்தான் கடலுக்கு அனுப்ப முடியும். கடவுக் கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் தன் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது. மறுபுறம் நேபாளம்: 2015-இல் எல்லையில் லாரிகள் முடங்கி நாடே எரிபொருளுக்குத் தவித்தது. 2019-இல் இந்தியாவின் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் குழாய் வந்தபின் லாரி வரிசைத் தொல்லை குறைந்தது. அதே குழாயால் இந்தியாவைச் சார்ந்திருப்பது இன்னும் ஆழமானது.

மண்ணுக்குள் நடப்பது

2025 ஏப்ரல் 1. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை எட்டு மணி கடந்த சிறிது நேரத்தில் சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் இதே தீபகற்ப வலையைச் சேர்ந்த குழாய் வெடித்தது. தீ பல மாடி உயரத்துக்கு எழுந்தது. வால்வுகளை மூடிய பிறகும் அது பல மணி நேரம் எரிந்தது. மூடிய இரு வால்வுகளுக்கு இடையே அடைபட்டிருக்கும் எரிவாயு தீரும்வரை எவராலும் அதை அணைக்க முடியாது. தீயணைப்புப் படை சுற்றியுள்ளவற்றைக் காக்கலாம், அவ்வளவே. வெடித்த இடத்தில் ஏறத்தாழ பத்து மீட்டர் ஆழப் பள்ளம். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், ஏராளமான வீடுகளும் வாகனங்களும் எரிந்தன. உயிரிழப்பு இல்லை. ஆந்திரத்தின் நகரம் என்ற ஊரில் 2014 ஜூன் 27 அன்று எரிவாயுக் குழாய் வெடித்தபோது 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைத்தால், இந்த ‘இல்லை’ எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

ஜூன் இறுதியில் வெளியான அதிகாரபூர்வ விசாரணை முடிவு பலருக்கு ஏமாற்றம். நாசவேலை இல்லை, அலட்சியம் என்று சொல்ல ஆதாரமும் இல்லை. ஈரம் ஊறிய பலவீனமான மண் குழாயைத் தாங்கும் வலுவை இழந்தது. மேலே மீண்டும் மீண்டும் விழுந்த சுமையால் குழாய் நிலை பெயர்ந்து, காலப்போக்கில் எஃகு களைத்து உடைந்தது என்பது சாரம். குற்றவாளி கிடைத்திருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மண்ணே காரணம் என்றால் அந்த மண் புத்ரா ஹைட்ஸில் மட்டுமா இருக்கிறது? சபாவின் கிமானிஸையும் சரவாக்கின் பிந்துலுவையும் இணைத்த 512 கிலோமீட்டர் குழாய் 2014 ஜூனில் லாவாஸ் அருகே வெடித்தது. 2020 ஜனவரியில் மீண்டும் சேதமடைந்தது. அங்கேயும் மண் நகர்வுதான் பேசப்பட்டது. நம் நாட்டில் மழை அதிகம், மண் இளகியது. குழாய்க்கு எதிரி துரு என்றுதான் நெடுங்காலம் நினைத்துவந்தோம்.

துருவைச் சமாளிக்கும் முறைகள் தேர்ந்தவை. குழாயின் மேல் பூச்சு, மின்வேதிப் பாதுகாப்பு, குழாய்க்குள்ளேயே ஓடவிட்டுச் சுவரின் தடிமனை அளக்கும் கருவி எல்லாம் உண்டு. குளுவாங் போன்ற இடத்துக்கு முக்கியமானது வேறொன்று. உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்கப் பொறியியல் விதிமுறை, குழாய் செல்லும் இடத்தை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. ஒரு மைல் நீளம், கால் மைல் அகலப் பட்டையில் எத்தனை கட்டடங்களில் ஆள் குடியிருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். பத்து வரை இருந்தால் முதல் வகுப்பு, 46-க்குக் கீழ் இரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் மூன்றாம் வகுப்பு, மாடிக் கட்டடங்கள் மிகுந்தால் நான்காம் வகுப்பு. முதல் வகுப்பில் எஃகின் தாங்குதிறனில் 72 விழுக்காடு வரை அழுத்தம் கொடுக்கலாம்; மூன்றாம் வகுப்பில் பாதிதான். ஆள் கூடக் கூடச் சுவர் தடிமனாக வேண்டும், அல்லது அழுத்தம் குறைய வேண்டும்.

இதைக் குளுவாங் மாவட்டத்தின் வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். மெங்கிபோல், லம்பாக், நியோர், உலு ரெமிஸ் என்று தோட்டப் பெயர்களால் ஆன மாவட்டம் இது. 1990-இல் தோட்டக்காடு என்று வகுக்கப்பட்ட நிலம், தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும் குடியிருப்புத் தாமானாகிறது. ஒரு தாமானில் நூற்றுக்கணக்கான வீடுகள். குழாய் நகரவில்லை, அதன் வகுப்பு மாறிவிட்டது. அந்த மாற்றத்தைக் குழாய்க்காரர் அறிய வேண்டும், வீட்டுமனைக்கு அனுமதி கொடுக்கும் நகராண்மைக் கழகம் அவருக்குச் சொல்ல வேண்டும், நில அலுவலகம் இருவருக்கும் வரைபடம் தர வேண்டும். மூன்று மேசைகளுக்கு நடுவே காகிதம் நகரும் வேகம் நமக்குத் தெரியாததா! (பழைய தோட்ட லயங்களையும் முறையாக எண்ணியிருந்தால் சில இடங்கள் அன்றைக்கே முதல் வகுப்பைத் தாண்டியிருக்கும் என்பது கூடுதல் செய்தி.)

எவ்வளவு தூரம் ஆபத்து என்பதற்கும் சூத்திரம் இருக்கிறது. 36 அங்குலக் குழாய், சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், வெடித்தால் கடும் வெப்பம் தாக்கும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 240 மீட்டர். குழாய்க்கு ஒதுக்கப்படும் நிலப்பட்டையோ சில பத்து மீட்டர் அகலம்தான். வேலிக்கு வெளியே வீடு வாங்கியவர் சட்டப்படி பத்திரமானவர். வெப்பத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது.

எண்ணெயாக இருந்தால்?

எரிவாயுவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலேறிக் கலைந்துவிடும். எரிந்தால் கொடூரம், எரியாவிட்டால் மண்ணில் தடமில்லை. கச்சா எண்ணெய் நேர்மாறு: பெரும்பாலும் வெடிக்காது, ஆனால் கீழே இறங்கும், ஆற்றைத் தேடும். 2022 டிசம்பரில் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் கீஸ்டோன் குழாய் கான்சாஸில் உடைந்து ஒரு சிற்றாற்றில் ஏறத்தாழ 13,000 பீப்பாய் கொட்டியது. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, அடைத்தால் போதாது, குழாயையே எடுங்கள் என்று மீனவர்கள் போராடினார்கள்.

மலேசியாவும் எண்ணெய்க் குழாய் கனவு கண்டது. மலாக்கா நீரிணையைச் சுற்றாமல், கெடாவின் யானிலிருந்து கிளந்தானின் பாச்சோக் வரை சுமார் 300 கிலோமீட்டர் குழாய் போட 2007-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பீடு 700 கோடி அமெரிக்க டாலர். அது நடக்கவே இல்லை. கப்பலில் எண்ணெய் கொண்டுபோவது அவ்வளவு மலிவு. ஒரு கரையில் இறக்கி மறுகரையில் ஏற்றும் செலவைக் குழாய் மிச்சப்படுத்தும் நாட்கள் ஈடுகட்டாது. இத்தகைய திட்டம் எதிர்காலத்தில் ஜொகூரை நோக்கி வந்தால், ஆற்றுநீரைக் குடித்து வாழும் மாநிலம் அதை மறுக்க வேண்டும் என்பேன். 2019-இல் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவு ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பியதை இன்னும் மறக்கவில்லை.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவருக்கு இழப்பீடு தருகிறது. தோட்டத்தில் உரிமை கம்பெனிக்கு. மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்த தமிழ்க் குடும்பத்துக்கு அங்கே ஒரு சாண் இல்லை. ஆகவே குழாய்க்கு நிலம் எடுத்தபோது அவர்களைக் கேட்க வேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை. தமிழகத்துக் கொங்கு விவசாயிகளின் கதை வேறு. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு கெயில் நிறுவனம் போட முனைந்த எரிவாயுக் குழாயை ஏழு மேற்கு மாவட்டங்களில் அவர்கள் எதிர்த்தார்கள். நிலம் அவர்கள் பெயரில்தான் இருக்கும், பயன்படுத்தும் உரிமை மட்டும் போகும், அதற்குச் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு என்றது 1962-ஆம் ஆண்டுச் சட்டம். மாநில அரசு அவர்கள் பக்கம் நின்று, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குழாயின் பக்கம் தீர்ப்பளித்தது. தோற்றாலும், பட்டா இருந்ததால் அவர்களால் வழக்காட முடிந்தது. 2002 டிசம்பரில் தாய்லாந்தின் ஹாட்யாயில் மலேசிய-தாய்லாந்து எரிவாயுக் குழாயை எதிர்த்த சானா கிராமத்தார் தடியடி வாங்கினார்கள். அந்த எதிர்ப்பாவது பதிவாயிற்று. குளுவாங் தோட்டங்களில் எதிர்ப்புக்கு இடமே இல்லாமல் குழாய் புதைந்தது.

ஆக என் முடிவு இது. சிங்கப்பூர் எரிவாயுக் குழாய் போடப்பட்டது தவறல்ல. முப்பது ஆண்டுக்கும் மேலாக அது தந்த பயன் பெரிது. அதை நிறுத்தச் சொல்வதிலும் அர்த்தமில்லை. ஆனால் நடுவில் கிடக்கும் ஊருக்குச் சேர வேண்டியது சேரவில்லை. பணத்தை விட்டுவிடுவோம், தகவலாவது வர வேண்டும். குழாய் எங்கே போகிறது, எந்த வகுப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது உட்புறச் சோதனை நடந்தது, மண் நகர்வு அளக்கப்படுகிறதா என்பவை மாவட்டத்துக்கு மாவட்டம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும். ஆபத்து வட்டத்துக்குள் புதிய தாமானுக்கோ பள்ளிக்கோ அனுமதி கொடுக்கும் முன், குழாய் நிறுவனத்தின் எழுத்துபூர்வக் கருத்து கட்டாயமாக வேண்டும். பழைய தோட்டங்களை விட்டு வெளியேறி மலிவான மனை தேடும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: மனைக்கு முன்பணம் கட்டும் முன் நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் எரிவாயுக் குழாய் எவ்வளவு தூரத்தில் போகிறது என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.